கேமை எடை போடுவது எப்படி: வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வாங்கிய மறுநாள் காலை வரை

போன வருடம் ஒரு கேமின் ட்ரெய்லரைப் பார்த்தே மயங்கி, வெளிவருவதற்கு முன்பே பணம் கட்டி வைத்தேன். பெயர் வேண்டாம். டவுன்லோடு முடியவே இரண்டு ராத்திரி ஆனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஆட உட்கார்ந்தவன், மூன்று மணி நேரம் கழித்துத்தான் என் கைகளைக் கவனித்தேன். இடது கட்டைவிரல் கன்ட்ரோலரின் ஸ்டிக்கை முன்னால் தள்ளியபடியே இருந்தது. திரையில் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. வலது கையில் போன். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய மீன் குழம்பு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குதிரை அழகுதான். மலை, மேகம், பிடரி மயிர் பறப்பது, எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் என் வலது கைக்கு அந்த கேமில் ஒரு வேலையும் இல்லை.

அன்றிலிருந்து எந்த கேமாக இருந்தாலும் முதலில் என் கை என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறேன். கதை, கிராஃபிக்ஸ், இசை எல்லாம் அதற்கு அப்புறம். நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு கேம் வாங்கவே யோசிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. நானும் அந்த ரகம்தான்.

1. ட்ரெய்லரிலிருந்து வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள்

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் ஓடும்போது, ஆடுகிறவர் செய்யும் வேலைகளை மட்டும் குறியுங்கள். ஓடு, குதி, சுடு, ஒளிந்துகொள், தோண்டு, பேசு, சமை. நகரம் பற்றி எரிவது, வில்லன் சிரிப்பது, கனத்த குரலில் ஒருவர் விதியைப் பற்றிப் பேசுவது எதுவும் கணக்கில் வராது. ட்ரெய்லர் முடிந்ததும் தாளில் எத்தனை சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அது கேமின் ட்ரெய்லர் இல்லை, குறும்படம். வெட்டாமல் ஒட்டாமல் யாராவது 20 நிமிடம் ஆடிக் காட்டும் வீடியோவைத் தேடுங்கள்.

பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே கேள்வி: இதை 300 தடவை செய்யச் சொன்னால் செய்வேனா?

2016 ஆகஸ்டில் வந்த நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி கேம் இந்தக் கேள்விக்கு நல்ல பாடம். அதில் உள்ள கிரகங்களின் எண்ணிக்கை 1,84,000 கோடி கோடிக்கும் மேல். இரண்டை 64 தடவை பெருக்கினால் வரும் எண் அது. எத்தனை பிறவி எடுத்தாலும் சுற்றி முடியாத பிரபஞ்சம் என்று உலகமே வாயைப் பிளந்தது. வாங்கியவர்களின் கை செய்தது என்ன? ஒரு பாறை முன்னால் நின்று லேசரால் அதைக் கரைத்தது. எரிபொருள் நிரப்பியது. பறந்து அடுத்த கிரகத்தில் இறங்கி, வேறு நிறத்தில் இருந்த பாறையைக் கரைத்தது. வெளிவந்த உடனேயே இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. சேர்ந்து ஆடலாம் என்று நம்பி வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதைச் செய்த ஹலோ கேம்ஸ் சின்ன நிறுவனம். திட்டை வாங்கிக்கொண்டு ஓடிப்போகவில்லை. வருடக்கணக்கில் காசு வாங்காமல் அப்டேட் கொடுத்தார்கள். 2018 ஜூலையில் ஒழுங்கான மல்டிபிளேயர், அதாவது பலர் சேர்ந்து ஆடும் வசதி, வந்தது. கட்டு, சேர்ந்து போ, காப்பாற்று என்று வினைச்சொற்கள் கூடின. இப்போது அதை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அதை நல்ல கேமாக்கியது கிரகங்களின் எண்ணிக்கை இல்லை.

நேர் எதிராக டெட்ரிஸ், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கேம். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. நகர்த்து, திருப்பு, இறக்கு. மூன்றே சொல். நாற்பது வருடமாக ஆடுகிறார்கள்.

2. வந்த அன்றே வாங்காதீர்கள்

இதை விளக்கவே வேண்டாம், ஆனாலும் நாம் கேட்பதில்லை. சைபர்பங்க் 2077 வெளிவந்தது 2020 டிசம்பர் 10. அதற்கு முன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டிவிட்டார்கள். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது கம்ப்யூட்டர் பதிப்பு. பிளேஸ்டேஷன் 4-லும் பழைய எக்ஸ்பாக்ஸிலும் அது எப்படி ஓடுகிறது என்று வாங்கியவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். முகம் இல்லாமல் நிற்கும் மனிதர்கள், மங்கலான தெரு, திடீரென்று நின்றுபோகும் கேம். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. திரும்பவும் விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அது வேறு கேம். பொறுமையாக இருந்தவர்கள் அந்த நல்ல கேமைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு வாரம் பொறுங்கள். உங்களிடம் இருக்கும் அதே கன்சோலில், அல்லது அதே கிராஃபிக்ஸ் கார்டில், யாராவது ஆடிக் காட்டும் வீடியோவைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் மொத்த மதிப்பீட்டோடு சமீபத்திய மதிப்பீடு தனியாக இருக்கும். இரண்டும் வித்தியாசப்பட்டால் ஏன் என்று படியுங்கள். ‘குப்பை’, ‘மாஸ்’ போன்ற ஒரு வரி ரிவ்யூக்களைத் தள்ளுங்கள். 40 மணி நேரம் ஆடிவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழுதியவரின் ரிவ்யூதான் தங்கம். அவர் எங்கே சலித்தார் என்று சரியாகச் சொல்லியிருப்பார். அவர் சலித்த விஷயம் உங்களுக்குப் பிடித்ததாகக்கூட இருக்கலாம்.

3. முதல் பத்து நிமிடம்: சும்மா குதித்துப் பாருங்கள்

வாங்கியாயிற்று. திறந்ததும் கதைக்குள் ஓடாதீர்கள். எதிரி யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, பட்டன்களை அழுத்திப் பாருங்கள். ஓடவிட்டு சட்டென்று நிறுத்துங்கள். நிற்கிறதா, வழுக்குகிறதா? வழுக்கினால் அந்த உடம்பின் எடைக்குப் பொருத்தமாக வழுக்குகிறதா? எதிர்ப்பக்கம் திருப்புங்கள். லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல் வருகிறதா?

கடைசியாகச் சொன்னது 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸிலேயே உண்டு. ‘99999 இன் 1’ என்று அட்டையில் அச்சடித்த கேசட்டில் அதை ஆடி வளர்ந்தவன் நான். (அந்த 99999-ல் உண்மையாக இருந்தது பத்துப் பதினைந்துதான். மற்றதெல்லாம் அதே கேமை வேறு லெவலிலிருந்து தொடங்கிவிடுவது. விளையாட்டில் ஏமாற்றம் என்றால் என்ன என்று முதலில் கற்றுக்கொடுத்தது அந்த அட்டைதான்.) அந்த முதல் லெவலை இப்போது திறந்து மெதுவாக ஆடிப் பாருங்கள்.

மாரியோ இடது ஓரம் நிற்கிறார், வலப்பக்கம் காலி. அதனால் வலப்பக்கம் போவீர்கள். பழுப்பாக ஒன்று முறைத்துக்கொண்டு வரும். தெரியாமல் மோதினால் சாவு. இழப்பு சில விநாடிதான். அடுத்த தடவை குதிப்பீர்கள். குதிக்கும்போது தலை கேள்விக்குறிப் பெட்டியில் இடித்துக் காசு வரும். ஓகோ, பெட்டியை இடிக்கலாம். இன்னொரு பெட்டியை இடித்தால் காளான் வரும். அது வலப்பக்கம் நழுவிப் போய், பச்சைக் குழாயில் மோதி, உங்களை நோக்கியே திரும்பி வரும். முன்னால் வந்தது எதிரி, இதுவும் எதிரியோ என்று பயந்து குதித்தாலும், மேலே பெட்டி இருப்பதால் தலை இடித்து அதன் மேலேயே விழ வாய்ப்பு அதிகம். தொட்டதும் மாரியோ பெரிசாகிறார். பயந்தது நல்லதாகப் போய்விட்டது. திரையில் ஒரு வரி விளக்கம் கிடையாது. இதெல்லாம் தற்செயல் இல்லை, திட்டமிட்டே வைத்தது என்று மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோவே விளக்கியிருக்கிறார்.

அதே லெவலின் பின்பாதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள். நடுவில் தரை இருக்கும். தவறினால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொரு ஜோடி. இங்கே நடுவில் குழி. முதலில் ஒத்திகை, பிறகு பரீட்சை. இப்போது வரும் பல கேம்கள் முதல் பத்து நிமிடத்தில் பன்னிரண்டு முறை ஆட்டத்தை நிறுத்தி ‘இந்தப் பட்டனை அழுத்தவும்’ என்று பெட்டி காட்டும். எண்ணிப் பாருங்கள். அஞ்சுக்கு மேல் போனால் ஆடுகிறவரை அவர்கள் நம்பவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து ஒரு விளிம்புச் சோதனை. பள்ளத்தை நோக்கி ஓடி, எவ்வளவு தாமதமாக முடியுமோ அவ்வளவு தாமதமாகக் குதியுங்கள். பத்துத் தடவை. ‘அழுத்தினேனே, ஏன் குதிக்கல?’ என்று எத்தனை முறை கத்துகிறீர்கள்?

2018-ல் வந்த செலஸ்ட் என்ற கேமில் அப்படிக் கத்த வராது. மலை ஏறும் கேம், ரொம்பக் கஷ்டமானது, ஆயிரக்கணக்கில் சாவீர்கள். ஆனால் கால் விளிம்பைத் தாண்டிய பிறகும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க அனுமதி உண்டு. நம் விரல் எப்போதும் கொஞ்சம் தாமதம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். மலை விளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடும் அந்த கார்ட்டூன் பிராணியின் பேரில் இதைக் ‘கயோட்டி டைம்’ என்பார்கள். தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே பட்டனை அழுத்திவிட்டாலும் அதை நினைவு வைத்துக்கொண்டு, தொட்டதும் குதிக்க வைக்கும். தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் சத்தமில்லாமல் உங்களை ஓரமாகத் தள்ளிவிடும். இதெல்லாம் நடப்பது ஆடுகிறவருக்குத் தெரியாது. ‘இன்னிக்குக் கை நல்லா ஓடுது’ என்று மட்டும் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. டிவியில் ஆடுகிறீர்கள் என்றால் இந்தச் சோதனைக்கு முன் டிவியை ‘கேம் மோடு’க்கு மாற்றுங்கள். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் தாமதத்துக்கு கேமைத் திட்டக் கூடாது. நான் திட்டியிருக்கிறேன்.

4. தோற்றுவிட்டு, யாரைத் திட்டுகிறீர்கள் என்று பாருங்கள்

ஒரு கேமின் தரம் ஜெயிக்கும்போது தெரியாது. எல்லா கேமும் ஜெயிக்கும்போது நல்ல கேம்தான்.

அஞ்சு தடவை தோற்றுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வாயில் முதலில் வரும் வார்த்தையைக் கவனியுங்கள். ‘சே, நான்தான் அவசரப்பட்டேன்’ என்று வந்தால் கேம் நல்ல கேம். ‘இது என்ன அநியாயம்’ என்று வந்தால், அநியாயம் எங்கே என்று தேடுங்கள்.

அடாரி 2600 என்ற பழைய கேம் கருவிக்கு 1982 கிறிஸ்துமஸுக்காக வந்த, ஈ.டி. என்ற வேற்றுகிரகவாசிப் படத்தின் கேமில் அநியாயம் எங்கே இருந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். ஹாவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள், ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேலான நேரத்தில் எழுதிய கேம் அது. திறமை இல்லாதவர் இல்லை. அதற்கு முன் யார்ஸ் ரிவெஞ்ச் என்ற நல்ல கேமைச் செய்தவர். தரையெங்கும் குழிகள். ஈ.டி.யின் கால் குழியிலிருந்து தள்ளியே இருக்கும், ஆனால் தலையின் ஒரு புள்ளி குழியின் படத்தைத் தொட்டுவிடும், உடனே விழுந்துவிடுவார். கழுத்தை நீட்டி மெதுவாக மேலே மிதந்து வருவார். வந்து ஒரு அடி வைத்தால் மறுபடியும் உள்ளே. கண் ‘கால் தரையில் இருக்கிறது’ என்கிறது, கேம் ‘இல்லை’ என்கிறது. ஆடுகிறவர் எதைக் கற்றுக்கொள்ள முடியும்? விற்காத கேசட்டுகளை 1983-ல் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். வெறும் கதை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது நிஜமாகவே கிடைத்தன.

இப்போது டார்க் சோல்ஸ். 2011. கஷ்டத்துக்கே பேர் போனது. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெரிய கூடத்துக்குள் நுழைவீர்கள். கையில் இருப்பது உடைந்த வாளின் பிடி. மேலேயிருந்து ஒரு பூதம் தொப்பென்று குதிக்கும். அடித்துப் பார்த்தால் அதன் உயிர்ப்பட்டி அசைந்தும் அசையாது. ஓரிரு அடியில் செத்துப்போவீர்கள். திரும்ப வந்து சுற்றிலும் பார்த்தால் இடப்பக்கம் ஒரு கதவு திறந்திருப்பது தெரியும். ஓடிவிடலாம். அதன் பிறகு கேடயம், ஆயுதம், காயம் ஆற்றும் குடுவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். சுற்றி மாடிக்கு வந்து, அதே பூதத்தின் தலைக்கு மேலே நிற்பீர்கள். அங்கிருந்து வாளோடு குதித்தால் ஒரே குத்தில் அதன் உயிரில் பெரிய பங்கு போய்விடும்.

அந்த ஒரு அறையிலேயே முழு கேமும் எப்படி நடத்தப்போகிறது என்று தெரிந்துவிடும். எதிரி பலசாலிதான், ஆனால் கதவு திறந்துதான் இருந்தது. நீங்கள்தான் பார்க்கவில்லை.

தோற்ற பிறகு மறுபடி ஆட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கடிகாரத்தில் பாருங்கள். செலஸ்ட்டில் சுமார் ஒரு விநாடி, அதுவும் செத்த அதே திரையில். நாற்பது விநாடி லோடிங், தாண்ட முடியாத ஒரு உரையாடல், அப்புறம் பாஸ் (அந்தக் கட்டத்தின் பெரிய எதிரி) இருக்கும் அறை வரை நீண்ட நடை என்றால், கஷ்டத்தின் சுவை எல்லாம் காத்திருப்பிலேயே ஆறிப்போகும். கஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். செலஸ்ட்டிலேயே அது இருக்கிறது. ஆபீஸ் முடிந்து ராத்திரி பத்தரைக்கு ஆட உட்காருகிறவரும் கோடை விடுமுறையில் இருக்கும் பையனும் ஒரே கேமை ஒரே மாதிரி ஆட முடியாது.

5. இரண்டு மணி நேரம் முடிவதற்குள்

ஸ்டீமில் ஒரு விதி உண்டு: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நிறுத்தி யோசியுங்கள். கதை முன்னோட்டத்துக்கே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கேம்கள் உண்டு. அதனால்தான் 3-ஐயும் 4-ஐயும் சீக்கிரம் செய்யச் சொன்னேன்.

யோசிக்க வேண்டியது: கடைசி அரை மணி நேரத்தில் புதிதாக எதையாவது தெரிந்துகொண்டேனா, அல்லது மேப்பில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேனா?

இஷ்டப்படி சுற்றித் திரியும் திறந்தவெளி கேம்களில் கோபுரத்தில் ஏறினால் மேப் முழுக்க நூறு குறி கொட்டும். இங்கே பெட்டி, அங்கே முகாம், இதோ சேகரிக்க வேண்டிய இறகு. மளிகைக்கடைச் சீட்டு மாதிரி. 2017-ல் வந்த செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்டிலும் கோபுரம் உண்டு. ஏறினால் மேப்பில் மலையும் ஆறும் ஊர்ப் பெயரும்தான் வரும். என்ன இருக்கிறது என்று சொல்லாது. உச்சியில் நின்று சுற்றிலும் பார்த்து, தூரத்தில் ஏதோ புகைகிறதே என்று நீங்களே குறி வைத்துக்கொள்ள வேண்டும். கிளம்பிப் போகிற வழியில் வேறு ஏதோ கண்ணில் பட்டு அங்கே திரும்பிவிடுவீர்கள். மணி ஒன்றாகியிருக்கும்.

நீளத்தை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். ‘100 மணி நேரம்’ என்று அட்டையில் போட்டிருந்தால் எனக்கு இப்போதெல்லாம் பயமாகத்தான் இருக்கிறது. வெண்பா என்ற கேம் 2023-ல் வந்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்து அழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பதுதான் ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலர் இதையே குறையாகச் சொன்னார்கள். ஆனால் அதில் கைக்கு வேலை இல்லாத நிமிடம் மிகக் குறைவு. ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏற இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யோசிப்பதே ஒரு புதிர். சமையலறையில் அம்மா அடுக்கும்போது நாம் கவனிக்காமல் விட்ட விஷயம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது 2024-ல் அதற்குக் கிடைத்தது.

6. கடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

போன் கேம் ஆடுகிறவர்களுக்கு இதுதான் முதல் படியாக இருக்க வேண்டும். கடைக்குள் போய், ரூபாய்க்கும் நீங்கள் வாங்கும் பொருளுக்கும் நடுவில் எத்தனை நாணயம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ரூபாய் கொடுத்து வைரம், வைரம் கொடுத்து சாவி, சாவி கொடுத்து பெட்டி, பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரியாது. இரண்டு மாற்றத்துக்கு மேல் போனால் உங்களைக் கணக்கு மறக்க வைக்கிறார்கள். பொருளின் விலை 100 வைரம், ஆனால் விற்கும் பாக்கெட்டோ 80 என்றால் அதுவும் கை தவறிப் போட்ட எண் இல்லை.

இன்னும் மோசம், முழு விலை வாங்கிக்கொண்டு உள்ளே கடை வைப்பது. 2017-ல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 வந்தபோது, டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் (கேமுக்குள் செல்லும் நாணயம்) சேர்க்க வேண்டும் என்றிருந்தது. ஆடுகிறவர்கள் போட்ட கணக்குப்படி சுமார் 40 மணி நேர உழைப்பு. ஸ்டார் வார்ஸ் படங்களின் முகமே அந்த வில்லன்தான்.  உழைத்துப் பெற்றால்தான் பெருமை என்கிற மாதிரி நிறுவனம் ரெட்டிட்டில் சொன்ன சமாதானம், அந்தத் தளத்திலேயே அதிக எதிர்ப்பு வாக்கு வாங்கிய பதிலாகிப்போனது. முதலில் விலையை முக்கால்வாசி குறைத்தார்கள். அப்புறம் வெளியீட்டுக்குச் சற்று முன், கேமுக்குள் காசுக்கு விற்பதையே நிறுத்திவைத்தார்கள். அடுத்த வருடம் பெல்ஜியம், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளை (லூட் பாக்ஸ்) சூதாட்டம் என்றே அறிவித்தது.

7. மறுநாள் காலை

ராத்திரி முடிவு எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து, பல் தேய்க்கும்போது அந்த கேமிலிருந்து என்ன ஞாபகம் வருகிறது என்று பாருங்கள். தினசரிப் பரிசை இன்னும் வாங்கவில்லையே என்ற பதற்றம் ஞாபகம் வந்தால் அது கணக்கில்லை. அது வட்டிக்காரர் ஞாபகம் மாதிரி. ‘அந்தப் பூதத்தை இடப்பக்கமாகச் சுற்றிப் போய் அடித்துப் பார்த்திருக்கலாமோ’ என்று வந்தால், கை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒன்றை யோசித்துக்கொண்டே நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கைத் தவறவிட்டு, இரண்டு ஸ்டாப் நடந்து வந்திருக்கிறேன்.

ஒன்றுமே வரவில்லையா? உடனே கேமைக் குறை சொல்ல வேண்டாம். களைப்பாக இருந்திருக்கலாம், கரண்ட் போய் வந்த கடுப்பில் ஆடியிருக்கலாம். ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். இன்னும் 13 நாள் இருக்கிறது.